தொண்டிப் பக்கம் புயல்

கார்த்திகை 5, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். நான் வேலை பார்க்கிற எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்துக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தன. வந்ததெல்லாம் மூக்கொழுகல்.

இவர் மாலை போட்டு ஐந்து நாள். விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல், வீடெல்லாம் சூடன் வாசம். நானும் குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடணும். சூரியநெல்லி மலைக் குளிரில் ஐயப்பன் ஒருநாள் வந்து குளித்துப் பார்க்கட்டும்.

மாலை ரேடியோ: வங்கக்கடலில் இருந்த காற்றழுத்தம் புயலாகிவிட்டதாம். நாகப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் எங்கேயோ வரலாமாம். அரிசி புடைத்த கை நின்றுவிட்டது. அப்பா இருப்பது தொண்டிக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஓலை வீட்டில்.

ஆடியில் போனார். கங்காணி வேலை முடிந்தது, எஸ்டேட் வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எங்கள் வீடு அதே எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. கூப்பிட்டதற்கு, "பொண்ணு குடுத்த வீட்டுல ஒக்காந்து திங்கச் சொல்றியாத்தா?" என்றார். சின்னப் பையனாய் விட்டு வந்த சொந்த ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆயுசெல்லாம் மலையில் கிடந்த மனுசன். கடலில் கால் நனைத்திருப்பாரா, சந்தேகம். வீம்பு, வேறென்ன.

வாங்க: உப்பு, சூடன், பேட்டரி, மகள் செல்விக்கு இருமல் மருந்து.

கார்த்திகை 6, செவ்வாய்

பேட்டரி கிடைக்கவில்லை. பழையதை அடுப்போரம் வைத்துச் சூடாக்கி ஒப்பேற்றல்.

புயல் வலுக்கிறது. துறைமுகத்தில் பெரிய கூண்டு ஏற்றியாயிற்று. ரேடியோக்காரர் வெங்காய விலை வாசிப்பது போல வாசிக்கிறார்: கடல் ஊருக்குள் வரலாம், ஓலைக் கூரை நிற்காது, மின்கம்பம் சாயும், தாழ்வான இடத்துக்காரர்கள் மேடான இடத்துக்கோ பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கோ போய்விட வேண்டும். பக்கத்து வீட்டு பாக்கியக்கா, "ஒங்கப்பா போடுற சத்தத்துக்குப் புயலே திரும்பிப் போயிரும், போ" என்றாள். சிரித்து வைத்தேன்.

மத்தியானம் முழுக்க அந்தப் பெருமழை ஞாபகம். அப்போது நான் இப்போதைய செல்வியைவிடக் கொஞ்சம் பெரியவள். அப்பா கம்பால் ஒவ்வொரு கதவாக அடித்துக்கொண்டு வந்தார். "எறங்கு, எல்லாம் மேட்ட விட்டு எறங்கு." மலைக்காரர்களுக்குப் பயமெல்லாம் தலைக்கு மேலே. மழை கனத்தால் மண் எப்போது வரும் என்று தெரியாது. சரிவை விட்டு இறங்கித் தட்டையான வெட்டவெளிக்குப் போய்விட வேண்டும், அதுதான் சட்டம். மொத்த லயமும் பந்தாடுகிற மைதானத்தில், படுதாவுக்கு அடியில். அம்மா அப்போது இருந்தாள். கருப்பட்டிக் காப்பி. அப்பா தோளில் நான், ஈரக் கம்பளியில் ஆட்டு வாசனை. மண் சரிந்ததா இல்லையா, நினைவில்லை. அந்தக் காப்பி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதுமாதிரி ஒரு நாள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

செல்விக்குச் சோறு பிசையும்போது சுரீரென்றது. அங்கேயும் இதையேதான் செய்வார். மழை கனத்ததும் எறங்கு எறங்கு என்று வெட்டவெளியைத் தேடிப் போவார். அங்கே வெட்டவெளி என்றால் கடற்கரை.

கார்த்திகை 7, புதன்

லீவு போட்டு மூணாறு போனேன், தந்தி அடிக்க. "வெட்டவெளி வேண்டாம். கரைக்குப் போகாதீர்கள். பள்ளிக்கூடம் போங்கள்." தபாலாபீஸ் பையன், "லைன் உண்டோன்னு அறியில்ல சேச்சி" என்றான். லைன் இருக்கிறதா என்றே தெரியாதாம். இருந்தாலும் அடி என்றேன்.

திரும்பும்போது அப்பாவின் பழைய வீட்டு வழி. அவர் போட்ட அவரைப் பந்தலில் புது வீட்டுக்காரி காய் பறித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

காற்று ஏறுகிறது. கரையைக் கடந்தபின் மேற்கே வருமாம், மதுரை, போடி, பிறகு நம் மலை. "இங்கயும் உண்டு சாமி" என்கிறார் இவர். மாலை போட்டதிலிருந்து இவருக்கு நான் சாமி, செல்வி சாமி, பால்காரர் சாமி. இங்கே வந்தால் வரட்டும் என்றேன். ராமநாதபுரம் பக்கத்தை விட்டுவிட்டு முழுசாக இங்கேயே வரட்டும்.

கார்த்திகை 8, வியாழன்

பகலிலேயே இருட்டு. காற்று ஊளை. வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யாரோ கதவை அடித்தார்கள். கம்பால்.

அப்பா.

சொட்டச் சொட்ட நனைந்து, உதடு நீலம் பாரித்து. "இன்னும் உள்ளயா இருக்க? மேட்டுக்கு அடியில என்ன சமையலு? புள்ளயத் தூக்குத்தா."

நேற்று விடிகாலையே கிளம்பிவிட்டாராம், என் தந்திக்கு முன்னால். போடிமெட்டில் பாறை விழுந்து பஸ் நின்றுவிட்டது. பூப்பாறை வரை நடை, அப்புறம் ஏலக்காய் ஜீப். "அங்கிட்டு அடிச்சிட்டு இங்கிட்டு வரும்னு ரேடியோவுல சொன்னான். கடலு அது பாட்டுக்குக் கெடக்கு. மேடுதான ஆபத்து." கடல் அது பாட்டுக்குக் கிடக்கிறதாம். இந்த மனுசனை என்ன செய்ய.

இடுப்பில் ஒரு பொட்டலம். கருவாடு. மாலை போட்ட வீட்டில். இவரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மறந்துட்டேன் சாமி, தப்புதான்." "பரவாயில்ல சாமி" என்று இவர் அதைக் குச்சியில் மாட்டி விறகுக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை என்றால் எட்ட நின்று, தரையைப் பார்த்தே பேசுகிறவர் அப்பா. இன்று நேருக்கு நேர் சாமி, சாமி என்று பேசுகிறார்.

தட்டையான இடத்தில் இருக்கிற காப்பகத்துக்குப் போனோம். அப்பா முன்னால், செல்வி அவர் தோளில். அவர் போட்ட சத்தத்தில் லயமே பின்னால் வந்தது. பயமாகவும் இருந்தது, அப்படி ஒரு சந்தோஷமாகவும் இருந்தது.

கார்த்திகை 9, வெள்ளி

காற்று அடங்கிவிட்டது. சில வீடுகளில் தகரம் போயிற்று, எங்கள் அடுப்படி ஈரம். மேடு அப்படியே நிற்கிறது. ஒரு கல்கூட உருளவில்லை.

கூரைக்குத் தகரம் அடிக்க இவருக்கு அப்பா கைகொடுத்தார். சாப்பிட மட்டும் வரமாட்டார். "பாக்கியம் வீட்டுல கஞ்சி குடிச்சிட்டேன்." பொய். பாக்கியக்காவிடமே கேட்டுவிட்டேன். படுக்கையும் காப்பகத்தில்தான். பஸ் விட்டதும் கிளம்புவாராம்.

செல்விக்கு இருமல் குறையவில்லை.

கார்த்திகை 11, ஞாயிறு

வெயில். ரோடு திறந்து முதல் பஸ் வந்தது. இவர் பேப்பர் வாங்கி வந்தார். பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார் அப்பா, அதே பஸ் திரும்பும்போது ஏறிக்கொள்ள.

பேப்பரில் அப்பா ஊர்ப் பெயர் இருந்தது. இவர் சத்தமாக வாசித்தார். கடல் உள்ளே வந்து கரையோரத் தெரு முழுவதும் போய்விட்டது. சனங்களை முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

"இன்னொருக்காப் படிங்க சாமி" என்றார் அப்பா.

படித்தார். தேற்றுவதற்காக நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு இவரைப் பார்த்துக் கேட்டார்.

"சாமி, அப்ப நான் போக வேண்டாமா?"

வீடு போனவர் கேட்கிற குரலா அது. பள்ளிக்கூடம் லீவா என்று பிள்ளைகள் கேட்குமே, அந்தக் குரல். அங்கே நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று கார்டு கார்டாக எழுதினாரே, பாவி மனுசன்.

"எங்க போறது சாமி? சாப்பிட வாங்க" என்றார் இவர், பேப்பரை மடித்துக்கொண்டே.

அப்பா எழுந்து கை கழுவினார். உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோறு வைத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடுத்தா என்று அவரே கேட்டு வாங்கினார்.

எனக்கு மிஞ்சவில்லை. மறுபடி உலை வைத்திருக்கிறேன்.