ட்ரம்பெட்டுக்குள் இருந்த துணி

என் சிவப்புக் கோட்டு அப்பாவுக்கு,

இதை அங்கே யாரிடமும் காட்டாதே. இங்கே வேறு யார் கையிலாவது இந்தத் தாள் கிடைத்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள். அம்மாவுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், பள்ளியில் படித்தது தெலுங்கு. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். அறைக் கதவைத் தாழ் போட்டிருக்கிறேன்.

நீ இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது அப்பா. பேண்டுக்காரர்கள் ட்ரம்பெட்டைத் திருப்பிக் கேட்டார்கள். மல்லாபூர் பேண்டு கடையில் கொடுத்துவிட்டு வா என்று அம்மா இன்று காலை என்னை அனுப்பினாள். கடை வாசலில் வேன் நின்றது. ஜஹீராபாத்தில் கல்யாணம். நீ அடிக்கடி போவாயே, அதே ஊர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பதினாறு பேர் என்று பேசியிருந்தார்களாம், ஒருவர் வரவில்லை. பேண்ட் மாஸ்டர் யாதகிரி அங்கிள் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

வேனில் யாரும் எந்த மொழியையும் முழுசாகப் பேசமாட்டார்கள், தெலுங்கும் உருதுவும் கலந்துதான் பேசுவார்கள் என்பது உனக்குத் தெரியும். நான் தமிழாக்கி எழுதுகிறேன்.

"வர்றியா?" என்றார் யாதகிரி அங்கிள். "சும்மா நின்னா போதும், உங்கப்பா மாதிரி."

"அப்பா மாதிரின்னா?"

"ஊதாம."

எல்லோரும் சிரித்தார்கள். கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்பதற்கு "ஹவ்" என்றேன். பொய்தான். நீ வேலைக்குப் போய்வந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

பட்டான்செரு தாண்டியதும் பெட்டியைத் திறந்தேன். மௌத்பீஸுக்குள் துணி அடைத்திருந்தது. விரல் நுனியால் இழுக்கப் பார்த்தேன்.

பக்கத்தில் இருந்த சலீம் சாச்சா என் கையைத் தட்டிவிட்டார். "நக்கோ, நக்கோ. வேணாம்மா. தவறிக்கூட சத்தம் வரக் கூடாதுன்னு உங்கப்பாவே அடைச்சது."

பத்து வருஷமாக நீ ஊதவே இல்லையாம். உனக்குப் பின்னால் நின்று ஊதியது சாச்சாவாம்.

"நான் ஊதும்போது என் மூஞ்சியைப் பாத்திருக்கியா? கன்னம் ரெண்டும் தவளை மாதிரி உப்பிடும். வீடியோக்காரன் ஓடியே போயிடுவான். உங்கப்பா மூஞ்சி ஹீரோ மூஞ்சி. அவன் முன்னால நிப்பான், நான் பின்னால ஊதுவேன்."

"பாக்கறவங்களுக்குத் தெரியாதா?"

"அவன் விரல் ஒரு தடவை கூட தப்பா விழுந்ததில்ல. ஊதறது நானா அவனான்னு எனக்கே சில நேரம் சந்தேகம் வரும்."

எனக்குக் கோபம் வரவில்லை அப்பா. கேள்விதான் வந்தது. அந்த விரல்களை எங்கே பழகினாய்? சாப்பிட்டு முடித்ததும் தட்டின் விளிம்பில் மூன்று விரலால் தட்டிக்கொண்டே இருப்பாயே, அதுதானா? ஊதாமல் அத்தனை நேரம் நிற்கும்போது மனத்தில் என்ன ஓடும்? வீட்டில் ஒருமுறை வாசி என்று நான் கேட்டபோதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டுவார்கள் என்றாயே, அதைச் சொல்லும்போது உனக்கு எப்படி இருந்தது?

ஜஹீராபாத்தில் பேண்டின் சிவப்புக் கோட்டு எனக்கு முழங்கால்வரை தொங்கியது. தொப்பி கண்ணை மறைத்தது. முதல் பாட்டில் என் விரல்கள் கண்டபடி விழுந்தன. இரண்டாவது பாட்டில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஊதுவதற்கு முன் சாச்சா மூச்சை இழுப்பது என் கழுத்துக்குப் பின்னால் கேட்கிறது. அவர் இழுக்கும்போது நானும் இழுத்தேன். அதன் பிறகு நான் நிற்பது சரியாக வந்தது. நீயும் அப்படித்தான் செய்தாயா?

பேண்டில் பெண் என்றால் சும்மா விடுவார்களா? போன்களைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். "அக்கா, ஒரு பாட்டு நீங்க மட்டும் தனியா," என்று மாப்பிள்ளையின் தங்கை கேட்டாள். யாதகிரி அங்கிள் முகம் வெளுத்துப்போனது. நான் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து சாச்சா மெதுவாகச் சொன்னார்: "நிமிந்து நில்லு. சிரிக்காத."

அவர் என் முதுகுக்குப் பின்னால் குனிந்து மறைந்து ஊதினார். நான் நின்றேன். பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், நான் குனிந்து வணங்கினேன். ஏன் வணங்கினேன் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் நன்றாக இருந்தது அப்பா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

திரும்பும் வழியில் சாச்சாவிடம் கேட்டேன், அம்மாவுக்கு இது தெரியுமா என்று. "அது உங்க வீட்டு விஷயம்மா, நான் எப்படிக் கேட்பேன்?" என்றார். நாச்சாரத்தில் நம் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் காட்டுவது முன்வரிசையில் நீ ட்ரம்பெட்டோடு நிற்கும் போட்டோவைத்தான். அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்? ட்ரம்பெட்டைக் கொடுத்துவிட்டு, தோழி வீட்டில் படித்தேன் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கீழ் வீட்டு ஆன்ட்டி அம்மாவின் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். ஜஹீராபாத் வீடியோ. யாரோ அனுப்பி, யாரோ அனுப்பி, அதற்குள் இங்கே வந்துவிட்டது. அம்மா என்னைக் கூப்பிடவில்லை, திட்டவும் இல்லை. ஹாலில் உட்கார்ந்து அதையே போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். பாட்டு, கைதட்டல், மறுபடி பாட்டு. அவள் முகம் எப்படி இருக்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை.

அப்பாவைப் போலவே மகளும் என்று நாளை எல்லோரிடமும் சொல்லிவிடுவாளோ? உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா? நீ பொய்யே சொல்லவில்லை, யாரோ படம் எடுத்தார்கள், இல்லை என்று சொல்ல ஒரு நாள் தாமதித்தாய், அவ்வளவுதானா?

நான் தாமதிக்கமாட்டேன். இது சத்தியம். எங்கே போனேன் என்பதையும் எனக்கு ஊதத் தெரியாது என்பதையும் காலையில் நானே அம்மாவிடம் சொல்லிவிடுவேன். ஆனால் அவள் உன்னைப் பற்றிக் கேட்டால் நான்

வீடியோ நின்றுவிட்டது. கதவைத் தட்டுகிறாள்.

"கதவைத் திறடி. ஊதுனது சலீம் அண்ணன்தானே?"

போகிறேன் அப்பா.

உன் மகள்