உன் பீச்சாங்கைச் சுழி

என் ராசாத்தி ஜெசிந்தாவுக்கு,

நீ போன இடத்தில் டீ கிடைக்கிறதாடி? இங்கே ஒரு டீத்தூள் பாக்கெட்டால் என் மானம் கப்பலேறிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ கண்ணை மூடி நாலு மாதம் கழித்து, ஒரு டீத்தூள் கம்பெனிக்காரர்கள் நான் வேலை பார்க்கும் டிசைன் ஆபீசுக்கு வந்தார்கள். பாக்கெட்டின் மேல் பெயர் கம்ப்யூட்டர் எழுத்தில் வேண்டாம், கையால் செய்ததாக இருக்கட்டும் என்றார்கள். எனக்கு உடனே உங்கள் கோயில் திருவிழாவுக்கு நீ செய்த போஸ்டர்தான் ஞாபகம் வந்தது. வலைக் கயிற்றை மையில் நனைத்து, ஒவ்வொரு எழுத்தாக வளைத்து, தாளில் அழுத்தி எடுப்பாயே, அது.

போஸ்டரை எதிரே மாட்டினேன். காசிமேட்டில் கயிறு வாங்கிவந்து உட்கார்ந்தேன். ஒரு வாரம் கையெல்லாம் மை, வீட்டில் என்னைச் சோற்றுப் பானைப் பக்கமே விடவில்லை. எழுத்து சரியாக விழுந்த அன்று நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. சத்தியமாக அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மீட்டிங்கில் முதலாளி, "யாரோட ஐடியாம்மா இது?" என்று கேட்டார். "என்னுதுதான் சார்" என்றேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். உன் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி, திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் அந்தப் பாக்கெட்.

"இன்னாடி நஸீமா, இது எங்க ஜெசி போட்டதுதானே?"

"இல்லம்மா, நான் போட்டது."

அம்மாவுக்குத்தான் எழுத்துப் படிக்கத் தெரியாதே என்று நினைத்துவிட்டேன். அவர் ஒரு சுழியின் மேல் விரலை வைத்தார். "கயிறு இங்க கீய பூந்து வருது பாரு. அவ பீச்சாங்கைக்காரி, அவ சுத்துனா இப்டித்தான் வரும். நீ சோத்தாங்கையில சுத்துனா மேல இல்ல வந்துருக்கணும்?"

ஒரு வாரம் அதையே பார்த்து உட்கார்ந்திருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. உன் கை போன வழியைக்கூட விடாமல் அப்படியே எடுத்திருக்கிறேன். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், என் முதுகைத் தடவினார்.

"உடு, அதுக்கு இன்னா இப்ப. நான் அதுக்கா வந்தேன்? நான் பாக்காதது எதுனா வுட்டுட்டுப் பூட்டாளோன்னு ஓடியாந்தேன். அவ போட்டது வேற எதுனா உங்கிட்ட கீதா?"

இருக்கிறது, ஜெசி. ஆஸ்பத்திரியில் நீ என் கையில் கொடுத்து, "அம்மா கிட்ட குட்துரு" என்றாயே, நீ எழுத்து போட்ட அந்தத் தாள் கட்டு என் பீரோவில்தான் இருக்கிறது. டீத்தூள் கம்பெனி அடுத்த பாக்கெட்டுக்கும் எழுத்து கேட்டிருக்கிறது. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இல்லம்மா" என்றேன்.

அம்மா நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பாக்கெட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப்போனார். அதில் இருப்பது நீ போட்டது இல்லை என்று தெரிந்தும் எடுத்துப்போனார். நான் எப்படிப்பட்டவள் ஆகிவிட்டேன், ஜெசி?

நாளைக் காலை அம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன் கட்டோடு உன் வீட்டு வாசலில் நிற்பேன். அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போய், கைதட்டிய அத்தனை பேர் முன்னாலும் உன் பெயரைச் சொல்வேன். வேலை போனால் போகட்டும். போனில் எடுத்து வைத்திருந்த உன் தாள்களின் படங்களை எல்லாம் இதை எழுத உட்காரும் முன் அழித்துவிட்டேன். இரண்டை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. அதையும் அழித்துவிட்டுத்தான் உன் வீட்டுப் படி ஏறுவேன்.

உனக்கு அக்காவா தங்கச்சியா என்று கடைசிவரை உன்னோடு சண்டை போட்ட,
நஸீமா