லிஃப்ட் கணக்கும் ஆறு மாச டிக்கெட்டும்

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் இங்க குண்டுக்கல்லு மாதிரி இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் வயித்துக்குள்ள உதைச்சுக்கிட்டிருக்கற குட்டியும் எங்களைவிட நல்லா இருக்கணும், கண்ணைத் திறந்ததும் தினமும் என் முதல் நினைப்பு அதுதான். கால் வீக்கம் குறைஞ்சுதா? முந்தாநாள்தானே போன்ல பேசினோம், இப்ப எதுக்கு இவ்வளவு நீளக் கடுதாசின்னு நீ முழிப்பே. போன்ல உன் குரலைக் கேட்டா எனக்கு சரிங்கற வார்த்தையைத் தவிர வேற எதுவும் வாயில வராது. பேப்பர் குறுக்க பேசாது, அழாது, அதான் எழுதறேன். படிக்கறப்ப கோபம் வந்தா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வா, ஆனா கடைசி வரைக்கும் படி.

அப்பா நல்லா இருக்காரு. தையல் கடைக்கு வர்ற ஆளுங்க எல்லார்கிட்டயும் பொண்ணு டிக்கெட் அனுப்பிட்டா, என் சம்சாரம் பிரசவம் பார்க்க ஃபிளைட் ஏறப் போறா, ஆறு மாசம் நான் தனிக்கட்டைன்னு அளவெடுத்துக்கிட்டே சொல்லிச் சொல்லி, போன வாரம் ஒருத்தருக்கு இடுப்பளவு எழுதவே மறந்துட்டாரு, அந்த மனுஷன் பேண்ட்டை கையில பிடிச்சுக்கிட்டு வந்து சத்தம் போட்டுட்டுப் போனாரு. டிக்கெட் வந்த அன்னிக்கே ஓடிப் போய் ஒரு நீலப் பெட்டி வாங்கிட்டு வந்துட்டாரு, நான் உள்ள உட்கார்ந்தா அப்படியே மூடிடலாம், அவ்வளவு பெருசு. வைக்க இடமில்லாம சாப்பாட்டு மேஜை மேல குந்த வெச்சிருக்கோம். அந்த மேஜைதான் நான் படிக்கற இடம், இப்ப அடுப்பு மேடை ஓரமா நின்னுக்கிட்டே படிக்கறேன். நீ படிக்கறியான்னு கேப்பே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி, பொறு.

ஆஸ்பத்திரி லிஃப்ட்ல பத்தொம்பது வருஷமா அதே ஸ்டூல்ல உட்கார்ந்து பட்டன் அழுத்தறேன்னு உனக்குத் தெரியும், ஆனா உள்ள எப்படி இருக்கும்னு நான் உன்கிட்ட சொன்னதே இல்ல. ஒரு ஸ்ட்ரெச்சர், ரெண்டு ஆள், நான், அவ்வளவுதான் இடம். ஜன்னல் கிடையாது, வெளிய மழை பெய்யுதுன்னு உள்ள வர்றவங்க குடையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். பாத்ரூம் போகணும்னா மாத்து ஆளுக்குச் சொல்லி விடணும், அவன் இதோ வந்துட்டேன்னு சொன்னா முக்கா மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். சில நாள் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல போறப்ப திடீர்னு மூச்சு முட்டும், கதவைப் பார்த்துக்கிட்டு நூறு வரைக்கும் எண்ணுவேன். அடுத்த வருஷம் புது லிஃப்ட் வருது, வர்றவங்களே பட்டன் அழுத்திக்கலாம், லிஃப்ட் ஓட்டற எங்க நாலு பேரையும் அடித்தளத்துல அழுக்குத் துணி பிரிக்கற அறைக்கு அனுப்பறாங்க. இந்த லிஃப்ட் பெட்டியாவது அப்பப்ப மேல போகும்டி, அந்த அறை போகாது. தப்பிக்க ஒரே வழி எக்ஸ்ரே உதவியாளர் பயிற்சி. வேலையில இருக்கறவங்களுக்கே குடுக்கறாங்க, ஆனா மேல்நிலைப் பிசிக்ஸ் பாஸ் பண்ணியிருக்கணும், நாப்பத்தேழு வயசு தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு இப்ப நாப்பத்தாறு. இந்த வருஷம் பாஸ் ஆனா உண்டு, இல்லேன்னா கதவு மூடினது மூடினதுதான்.

அதனால ரெண்டு மாசமா ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்கற பள்ளிக்கூடத்துல சாயங்கால வகுப்புக்குப் போறேன். பத்தாவதோட நின்னவளுக்கு எடுத்த எடுப்புலயே மேல்நிலைப் பிசிக்ஸ்னா பாரு, நீச்சல் தெரியாதவளைக் கிணத்துல தள்ளின கதைதான். தொடர்ந்து மூணு வாரம் வரலேன்னா பேரை அடிச்சுடுவாங்க. உன்கிட்ட ஏன் சொல்லலேன்னா வெக்கம். ஃபெயில் ஆயிட்டா சத்தமில்லாம இருந்துடலாம்னு நினைச்சேன். அப்பாவுக்கு மட்டும் தெரியும், முதல்ல கிண்டல் பண்ணினாரு, அப்புறம் விட்டுட்டாரு. உன் டிக்கெட் வந்ததும், நல்லதாப் போச்சு, இனிமே நீ தோத்துட்டேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, பேரப்பிள்ளைக்காக விட்டுட்டான்னுதான் சொல்வாங்கன்னாரு. அன்பாத்தான் சொன்னாரு. அதுதான் எனக்குத் தாங்கலை.

புஸ்தகம் வாங்கலை, பரண்ல இருந்த உன் பழைய புஸ்தகத்தையே இறக்கினேன். அதைத் திறந்தா நீயே உட்கார்ந்திருக்கே. பதினேழு வயசு வாலு, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல சிவப்பு மையில தனக்குத்தானே உத்தரவு போட்டு வெச்சிருக்கா. முதல்ல படம் போடு, அப்புறம் அம்பு போடு, அதுக்கப்புறம் அழுன்னு ஒரு இடத்துல. அலகு எழுதாத விடை தலையில்லாத முண்டம்னு இன்னொரு இடத்துல. விடையைப் பார்த்துட்டு அடடா இவ்வளவுதானான்னு நினைச்சா அது இன்னும் உன் கணக்கு இல்ல, மூடி வெச்சுட்டு ரெண்டு நாள் கழிச்சுப் போட்டுப் பாருன்னு ஒண்ணு. தப்பான கணக்குக்கெல்லாம் வட்டம் போட்டு, ஞாயித்துக்கிழமை மறுபடின்னு எழுதியிருக்கே, சிலதுக்கு நாலு வட்டம் இருக்கு. நீ பிறவியிலேயே கெட்டிக்காரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, நீ எத்தனை தடவை தப்பு பண்ணியிருக்கேன்னு இப்பத்தான் எண்ணிப் பார்த்தேன். எனக்கு அதுல ஒரு தெம்பு வந்துச்சு.

ஆனா நான் உன் பேச்சைக் கேட்டேனா? கேக்கலை. எனக்குத் தெரிஞ்சது மனப்பாடம்தான். எந்த டாக்டர் எந்த மாடின்னு பத்தொம்பது வருஷமா மனப்பாடமா வெச்சிருக்கறவ இல்லையா, அதே மாதிரி தீர்த்து வெச்ச கணக்கையெல்லாம் மாடி வாரியா பிரிச்சு, முதல் மாடியில ஒண்ணு, ரெண்டாவது மாடியில ஒண்ணுன்னு முணுமுணுத்துக்கிட்டே மேலயும் கீழயும் போனேன். நாப்பது கணக்கு, வரி பிசகாம நெட்டுரு. முதல் டெஸ்ட்ல லிஃப்ட் கணக்கே வந்துச்சு. அறுபது கிலோ ஆள் லிஃப்ட்ல எடை மெஷின் மேல நிக்கறான், லிஃப்ட் மேல போகுது, மெஷின் எவ்வளவு காட்டும்னு. அது என் அஞ்சாவது மாடிக் கணக்கு! பேனா தானா ஓடுது, எழுநூத்தி இருபது நியூட்டன், அலகு உள்பட. ஆனா கேள்வியில, வேகம் கூடிக்கிட்டேங்கற இடத்துல சீரான வேகத்துலன்னு மாத்திப் போட்டிருந்தாங்க, நான் அதைப் படிக்கவே இல்ல. விடை வெறும் அறுநூறு. எனக்கு முட்டை. நான் என்ன வேலை பார்க்கறேன்னு வகுப்புல எல்லாருக்கும் தெரியும், லிஃப்ட்காரம்மா லிஃப்ட் கணக்குலயே கோட்டை விட்டுட்டாங்கன்னு சின்னப் பசங்க எல்லாம் ஒரே சிரிப்பு. நானும் கூட சேர்ந்து சிரிச்சேன், வேற என்ன பண்ண. சார் மட்டும் சிரிக்கலை. அவருக்கு நாங்க வெச்ச பேரு பரவால்ல சார், என்ன தப்பு பண்ணினாலும் பரவால்லம்பாரு. அன்னிக்கு அதைக்கூட சொல்லலை, நீங்க தினமும் அதுக்குள்ளதானேம்மா இருக்கீங்க, மேல போறப்ப கால்ல என்ன தெரியுதுன்னு கேட்டாரு. பத்தொம்பது வருஷம் இருந்திருக்கேன், ஒரு நாள்கூட கவனிச்சதில்ல.

அடுத்த வாரமே நாலாவது மாடி வார்டுல இருந்து எடை மெஷினை ரிப்பேருக்குன்னு லிஃப்ட்ல வெச்சுட்டு, கீழ யாராவது எடுத்துப்பாங்கன்னு சொல்லிட்டு நர்ஸ் போயிட்டா. முள்ளு அஞ்சு கிலோ கூடுதலா காட்டுதாம், அவ்வளவுதான் கோளாறு. நான் விடுவேனா? ஸ்டூலைத் தள்ளி வெச்சுட்டு ஏறி நின்னேன். நின்னப்ப அறுபத்து மூணு, அதாவது என் அம்பத்தெட்டு. மேல போக அழுத்தினதும் முள்ளு அறுபத்தேழைத் தொட்டுச்சு, ஆனா ஒரு நொடிதான், அப்புறம் பழையபடி அறுபத்து மூணுலயே நின்னுச்சு, மேல போய்க்கிட்டேதான் இருக்கோம், முள்ளு அசையலை. நிக்கப் போறப்ப சரக்குன்னு இறங்கி மறுபடி அறுபத்து மூணு. நம்ப முடியாம எட்டுத் தடவை போய் வந்தேன். ஏழு மாடியிலயும் ஜனங்க கதவைத் தட்டறாங்க, நான் யாருக்கும் திறக்கலை. ஓட்டம் ஒரே மாதிரி இருந்தா உடம்புக்கு எதுவுமே தெரியாதுடி, கிளம்பறப்பவும் நிக்கறப்பவும்தான் தெரியும். சூப்பர்வைசர் மெமோ குடுத்தாரு, ஆபத்து நேரத்துல ஸ்ட்ரெச்சர் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு திட்டினாரு, அவர் சொன்னது நியாயம், மன்னிப்பு எழுதிக் குடுத்தேன். ஆனா உள்ளுக்குள்ள எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பத்தொம்பது வருஷத்துல அந்தப் பெட்டிக்குள்ள எனக்குன்னு நடந்த ஒரே விஷயம் அதுதான்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து, உன் புஸ்தகத்துல அதே லிஃப்ட் கணக்கை எடுத்து படம் போட்டு, அம்பு போட்டு, பார்க்காம செஞ்சேன், சரியா வந்துச்சு. அப்பத்தான் அந்தப் பக்கத்து அடி ஓரத்துல பொடி எழுத்துல நீ எழுதினதைப் பார்த்தேன். இதுல ஃபெயில் ஆனா எனக்கும் அந்த ஸ்டூல்தான்னு எழுதியிருக்கே. நீ மறந்திருப்பே. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சது கூடத் தெரியலை. வலிச்சுது, இல்லேன்னு சொன்னா பொய். ஆனா கோபம் இல்லடி, சத்தியமா இல்ல. அதுல உட்கார வேண்டி வருமோன்னு நீ பயந்த அதே ஸ்டூல்ல இருந்து எந்திரிக்கத்தான் நானும் பார்க்கறேன். நீ எழுதினதை அப்படியே என் நோட்டுல முதல் பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். புஸ்தகத்தோட பின் அட்டையில ஒரு உத்தரவு பெருசா எழுதி மூணு கோடு போட்டிருக்கே. புரியலேன்னா உடனே கையைத் தூக்கு, புரிஞ்ச மாதிரி தலையாட்டாதேன்னு. நீ போன்ல அம்மா ஆறு மாசம் வந்து இருப்பியான்னு கேட்டப்ப நான் தலையாட்டிட்டேன். அப்பா பெட்டி வாங்கினப்பவும் ஆட்டினேன், தெருவுல நாலு பேர் எப்ப கிளம்பறேன்னு கேட்டப்பவும் ஆட்டினேன். இப்ப கையைத் தூக்கறேன். என்னால ஆறு மாசம் வர முடியாது கண்ணு. உனக்கு அஞ்சாம் தேதிவாக்குல குழந்தை பொறக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கா, எனக்கு அரையாண்டுப் பரீட்சை அதே மாசம் பதினெட்டாம் தேதி முடியுது. அதுக்கப்புறம் பன்னெண்டு நாள் லீவு, போக வர ரெண்டு நாள், மிச்சம் பத்து நாள் குட்டி என் மடியிலதான். அதுக்கு மேல முடியாது. எந்த அம்மா இப்படிச் சொல்வான்னு நீ நினைப்பே, நானே அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். வலி எடுக்கறப்ப நீ அம்மான்னுதான் கத்துவே, அப்ப நான் இங்க ரெண்டு மாடிக்கு நடுவுல யாருக்கோ பட்டன் அழுத்திக்கிட்டிருப்பேன். போனா அந்தத் துணி அறை, போகலேன்னா இந்த நினைப்பு, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு. ரெண்டுல எதோட இருக்க முடியும்னு பார்த்து இதைத்தான் பிடிச்சிருக்கேன். சரியா தப்பான்னு எனக்குத் தெரியலை.

உன் மாமியாருக்குப் போன் பண்ணி சும்மா நலம் விசாரிச்சேன். பேச்சோட பேச்சா, பிரசவத்துக்கு உங்க பொண்ணு என்னை ஒரு வார்த்தை கூப்பிடுவாளான்னு பார்த்துக்கிட்டே இருக்கேன், கூப்பிடலைன்னாங்க. நீயும் அவங்களும் முறைச்சுக்கிட்டதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அவங்க கை பக்குவமான கை, கூப்பிடு. முறுக்கிக்காதே. நடக்கறதை விட்டுடாதே, மாடிப்படி இறங்கறப்ப கைப்பிடியைப் பிடி, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, மாப்பிள்ளையை வேலை வாங்கு, அவருக்கும் ரெண்டு கை இருக்கு. அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லலை, உன் பதில் வந்ததும் சொல்றேன், அது வரைக்கும் பெட்டி மேஜை மேலயே இருக்கட்டும்.

நீ சுகமா பெத்துப் பிழைச்சு, தாயும் பிள்ளையும் தனித்தனியா நிம்மதியாத் தூங்கணும், நூறு வருஷம் நல்லா இருக்கணும், உன்னைப் பெத்த வயிறு வாழ்த்துது. மறக்காம பதில் எழுது. எழுதறப்ப ஒண்ணே ஒண்ணு, பரவால்லம்மான்னு மட்டும் எழுதாதே, அதைச் சொல்ல எங்க சார் ஒருத்தர் போதும். கோபம்னா கோபம்னு எழுது, அழுதேன்னா அழுதேன்னு எழுது. நீயும் தலையாட்டாதே.

இப்போதைக்கு இன்னும் அந்த ஸ்டூல்லயே உட்கார்ந்திருக்கற,
உன் அம்மா