தேதி மட்டும் புதுசு

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் எழுதுவது. நீ நலமா? அப்பாவின் முழங்காலைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். கடலில் எதுவரை பனி உறைந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு போடுவேன். கப்பல்காரர்கள் தங்கள் கணினி வரைபடத்தின் மேல் அதை வைத்துப் பார்த்துத்தான் போவார்கள். போன செவ்வாய்க்கிழமை புதுப் படம் வரவில்லை. முந்தின நாள் கோட்டையே தேதியை மாற்றி அனுப்பிவிட்டேன். ஒரு சரக்குக் கப்பல் அதை நம்பிப் போய், ஆறு மணி நேரம் பனியில் மாட்டிக்கொண்டது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேப்டன் போனில் கத்தக்கூட இல்லை.

“நேத்தைய கோடுன்னு சொல்லியிருந்தா பாத்துப் போயிருப்பேனேம்மா. இன்னிக்குத் தேதி போட்டிருந்துச்சே,” என்றார். அதற்குப் பதில் அவர் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

உன் நினைவுதான் வந்தது. நாலு மாதமாக உனக்கு வந்த கடிதங்களும் அப்படித்தான், அம்மா. பழைய கடிதத்தில் தேதியை மாற்றி அச்செடுத்து அனுப்பினேன். அதில் வரும் அறைத்தோழி காலிசெய்து போய் மூன்று மாதமாகிறது. ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டிதான்.

இதைக் கையால் எழுதுகிறேன். ஜன்னலுக்குத் திரை போட உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

அப்பாவைப் பற்றிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லைதான். உன் கடிதங்களிலும் நாலு மாதமாக அப்பா ‘பரவாயில்லை’யாகவே இருக்கிறார். அவரால் படி ஏற முடிகிறதா, இல்லையா? இன்றைக்கு எப்படியோ, அதை எழுது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன் மகள்