இன்னும் இரண்டு வருஷம்

ஃபிடென்சியோ அவர்களுக்கு, மினசோட்டாவிலிருந்து ரொசெண்டா. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சௌக்கியம்.

சமுதாயக் கல்லூரியின் இரண்டு வருஷப் படிப்பு மே மாதம் முடிகிறது. அடுத்துப் பல்கலைக்கழகத்தில் சேர விசாரிக்கப் போனேன். மேசையிலிருந்த பெண், "பேத்தி வரலையா, பாட்டி?" என்று பெற்றோருக்கான காகிதத்தை நீட்டினாள்.

"அவ வேலைக்குப் போயிருக்கா. படிக்கிறவ நான்தான்டி!" என்றேன். சிரித்துவிட்டோம். ஆனாலும் என்னைப் பாட்டி என்று பார்த்த அந்த முகம் மறக்காது. "ஆறாங்கிளாஸ் தாண்டாதவ" என்று நம் கல்யாணத்தில் உங்கள் அக்கா சோலே சொன்னதே நாற்பத்தொரு வருஷமாக மறக்கவில்லை.

விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். பகலில் பள்ளிச் சமையலறை வேலை, மாலையில் வகுப்பு, இப்படியே இன்னும் இரண்டு வருஷம். இதனால் ஊர் திரும்பத் தாமதமாகும் என்று போனில் சொன்ன அன்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதில்லை.

கம்பளிச் சால்வையும் காய்ந்த மிளகாயும் அனுப்புங்கள். இங்கே மிளகாய் உறைக்கவே இல்லை. பஸ் வருகிறது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். உங்கள் பெயரைத்தான் எழுதினேன். போனை எடுங்கள்.