ரிப்பனுக்குள்ள தக்காளிக் கம்பி

டிசம்பர், சனிக்கிழமை ராத்திரி

நாத்தனார் மகள் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. இப்பதான் மூச்சு வருது.

காலையில சர்ச் கதவைத் திறந்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு. பெஞ்சுக்கு ஒண்ணா நான் கட்டின வெள்ளை ரிப்பன் பூவெல்லாம் நனைஞ்ச கோழி மாதிரி தொங்குது. லில்லிப் பூ வாடக்கூடாதுன்னு நேத்து ஜன்னலைத் திறந்து வச்சதே நான்தான். மலைப்பனி மொத்தமும் உள்ள வந்து ரிப்பன்ல இறங்கிடுச்சு. பிரிஞ்சாங் டவுன் பூக்கடையில கட்டச் சொல்லலாம்னு நாத்தனார் சொன்னப்ப, நானே கட்டுறேன்னு வாயை விட்டது வேற.

இவருக்கு லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குல தக்காளித் தோட்டத்து வேலை. நேரா போய், கொடி கட்டுற கம்பியை லோரியிலிருந்து அள்ளிட்டு வந்தார். "அழாத லா. உள்ள வச்சு வளை." ஒவ்வொரு பூவுக்கும் காது மாதிரி இருக்கிற ரெண்டு மடிப்புக்குள்ளயும் கம்பியைச் செருகினோம். எல்லாம் எழுந்து நின்னுச்சு.

நாத்தனார் வந்து ஒண்ணைத் தொட்டுப் பார்த்தாங்க. "நீயா கட்டுன? கடைக்காரன் தோத்தான் போ!" கம்பியைப் பத்தி மூச்சு விடாம தலையை ஆட்டினேன். இவர் இருமிக்கிட்டே வெளிய போயிட்டார்.

கிளம்பறப்ப நாத்தனார் ஆசையா ஒரு பூவைக் கழட்டி கொண்டையில செருகிக்கிட்டாங்க. இதுவரைக்கும் அவங்ககிட்டருந்து போன் வரலை. கம்பி குத்தலை போலிருக்கு.