தாழியிலிருந்து வந்த செம்மணி மாலை

வளம் மலிக! வரைநாட்டில் தினையும் தேனும் குன்றாது பொலிக! மலைமுடி காத்தருளும் எயினங்கோ மன்னர் திருமுன், மருதங்கா நாட்டு நாகங்கோ மன்னரின் அமைச்சர் சாத்தங்கீரனார் பணிந்து விடுக்கும் ஓலை.

எல்லைச் சண்டைக்கு இரு அரசர் மக்களின் திருமணத்தால் முடிவு கட்டலாம் என்று இரு நாட்டுக்கும் நடந்து நடந்து முழங்கால் தேய்ந்தவர் இவ்வமைச்சர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தையில் மணம் முடித்துவிட்டுச் சற்றே ஓய்ந்து உட்காரலாம் என்றிருந்தார். அது வாய்க்கவில்லை.

உடைந்த ஏரிக்கரையை மழைக்குமுன் அடைக்க மண் வேண்டி, ஊர்க்கு வடக்கே கிடந்த பழைய மேட்டை வெட்டுவித்தார்கள். மண்ணைத் தேடிய இடத்தில் ஓர் ஊரே வந்தது. செங்கற்சுவரும் உறைகிணறும், அப்பால் ஈமத்தாழிகளும் தென்பட்டன. ஒரு தாழியில் இருந்த அம்மையின் கழுத்தில் செம்மணி மாலை கிடந்தது. வாரிசற்றோர் பொருள் அரசுக்கே என்னும் வழக்குப்படி பண்டாரத்தார் அதை எடுத்துக் கழுவி, பொற்கம்பியில் கோத்து, சம்பந்திச் சீராகத் தங்கள் பட்டத்தரசியாருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மண்வெட்டுவோர் இதை அறிந்ததும் வேலையை நிறுத்தினர். பொருளை எடுத்தவரே பிணத்துக்கும் உரியவர், அவர் நீர்க்கடன் செய்யாமல் ஒரு கூடை மண்ணும் நகராது என்று கூடை சுமக்கும் வெண்ணி என்பாள் அரசர் முன்பே உரைத்தாள். அமைச்சர் அதட்டினார், கெஞ்சினார், ஒன்றும் பலிக்கவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. கரையோ வாய் பிளந்து கிடந்தது. முடிவில் அரசரே எழுந்து சென்று முடி மழித்து, பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் மகனாக நின்று நீர் வார்த்தார். அன்று மாலையே கூடைகள் நகர்ந்தன.

கரை பிழைத்தது, மணம் நின்றது. துக்கம் காக்கும் வீட்டில் ஆண்டு நிறையும்வரை மணமேளம் கொட்டுவதில்லை. இத்தனை கால நடையும் வீணாகுமோ என்று அமைச்சருக்கு நெஞ்சு பதறுகிறது. ஓராண்டு பொறுத்தருள வேண்டுமென்பது அவர் விண்ணப்பம்.

இன்னும் ஒன்று கேட்க அவருக்கு நாக்கூசுகிறது. மற்றத் தாழிகளை மூடி வேறிடத்தில் அடக்கியாயிற்று. அம்மையின் தாழி மட்டும் மாலைக்காகத் திறந்திருக்கிறது. கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்பது எந்தச் சம்பந்திக்கும் அழகன்று. ஆயினும் பொருளை வைத்திருப்பவரே வாரிசு என்று மருதங்கா நாட்டில் இப்போது தீர்ப்பாகிவிட்டது.

துக்கத்திலுள்ள அரசர் முத்திரை தொடலாகாமையால், அவர் ஆணைப்படி அமைச்சரின் மோதிரம் இதில் பதிந்தது. மாலையையோ, தங்கள் அரண்மனையில் முடி மழித்து நீர் வார்த்தவரின் பெயரையோ, இரண்டில் ஒன்றை இத்தூதன் கையில் கொடுத்தருள்க.